ரோட்டுக்கும் ஒரு ஸ்டேஷன்

ரயிலுக்கு ஸ்டேஷன் இருக்கிறது. பஸ்ஸுக்கு ஸ்டாண்ட் இருக்கிறது. விமானத்துக்கு ஏ.சி. போட்ட அரண்மனையே கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் ரோட்டுக்கு? காரிலோ பைக்கிலோ லாரியிலோ போகிறவர் இறங்கி, முகம் கழுவி, பத்து நிமிடம் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டுப் போக நம் ஊர் ரோட்டில் எங்கே இடம்?

"ஏன், அதான் ஓட்டல் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

2025 மே மாதம், முதல் வாரம். கத்திரி வெயில் தொடங்கியிருந்த நேரம். மேல்சித்தாமூர்க் குடும்பம் ஒன்று சென்னை திருவான்மியூரில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு காரில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. மேல்சித்தாமூர் தெரியாதவர்களுக்கு: செஞ்சிக்குக் கிழக்கே, திண்டிவனம் போகிற வழியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஊர். செஞ்சி என்றால் எல்லோருக்கும் கோட்டைதான் ஞாபகம் வரும். சித்தாமூர் என்றால் பார்சுவநாதர் கோயிலும் அதன் தேரும். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் அங்கேதான் இருக்கிறது.

காரில் ஐந்து பேர். ஒரு தமிழாசிரியர். அவர் மனைவி. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் மகள். ஆசிரியரின் அம்மா, எழுபத்தெட்டு வயதுப் பாட்டி. வண்டி ஓட்டியவர் ஆசிரியரின் அண்ணன் மகன். ஜப்பானில் சிபா மாநிலத்தில் வேலை. அங்கே ஏப்ரல் கடைசியில் வரும் 'கோல்டன் வீக்' விடுமுறையோடு இன்னும் சில நாள் சேர்த்து வாங்கிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்திருந்தார்.

"ஜி.எஸ்.டி. ரோடு வேணாம்ண்ணா, கடலைப் பாத்துக்கிட்டே போலாம்" என்று தங்கை கேட்டதால் கிழக்குக் கடற்கரைச் சாலை. மாமல்லபுரம், கடப்பாக்கம் தாண்டி மரக்காணம் வரை வந்து, அங்கே மேற்கே திரும்பினால் திண்டிவனம். அப்புறம் வீடு. திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. பாட்டி பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார். சிறு வயதிலிருந்து வந்த விரதம். மே மாதத்தில் சூரியன் மறைய ஆறரை ஆகிவிடும் என்றாலும், ஆறு மணிக்குள் கையைக் கழுவிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. டிக்கியில் ஒரு எவர்சில்வர் கேரியர் நிறையப் புளியோதரையும் தயிர்சாதமும் தயாராக இருந்தன. உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம்தான் வேண்டும்.

ஐந்து மணிக்கு ஒரு பெரிய ஓட்டல் வாசலில் வண்டி நின்றது. கண்ணாடிக் கதவு, கார் நிறுத்த விசாலமான இடம், எல்லாம் ஜோர். உள்ளே நுழைந்ததும் ஒரு போர்டு: வெளி உணவு அனுமதி இல்லை. வறுத்த மீன் வாசனை வாசல் வரைக்கும் வந்தது. பாட்டி காரை விட்டே இறங்கவில்லை. சரி, பாத்ரூமாவது போய்விட்டு வரலாம் என்றால், "சாப்பிடறவங்களுக்கு மட்டும்தான் சார்." ஆசிரியர் நான்கு காபிக்கு பில் போட்டார். பில்லைக் காட்டிய பிறகு பதில் வந்தது: "லேடீஸ் சைடு தண்ணி வரலைங்க." காபியைக் குடித்துவிட்டு எல்லோரும் வண்டியில் ஏறினார்கள். வேறென்ன செய்வது!

ஆசிரியர் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார். என்ன என்று கேட்டால் சங்க இலக்கியத்துக்குப் போய்விட்டார். பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை என்று ஒன்று இருக்கிறது அல்லவா, அதன் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அந்த ஓய்மாநாடு வேறெங்கும் இல்லை, இந்தத் திண்டிவனம், மரக்காணம் பகுதிதான். கிடங்கில் என்பது திண்டிவனத்தில் இருக்கிறது, எயிற்பட்டினம் என்பது மரக்காணம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பரிசு வாங்கித் திரும்பும் பாணன், எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்கிறான். எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதும் அதில் வருகிறது. ஹைவே கைடு மாதிரி!

"ஆனா பாருங்க, கடற்கரையில சுட்ட மீன், வேலூர்ல காட்டுப்பசுக் கறி, ஆமூர்ல நண்டு. அன்னைக்கும் நமக்கு ஒண்ணும் இல்ல" என்றார். கார் முழுக்கச் சிரிப்பு. பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அவசரம் வேறு.

*

மரக்காணம் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் உப்பளங்கள். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்பு விளைவது இங்கேதான். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையில் கூம்பு கூம்பாக வெள்ளைக் குவியல். ரோட்டு ஓரத்தில் அதே உப்பை பாலிதீன் பையில் கட்டி அடுக்கி வைத்து விற்பார்கள். கொஞ்சம் தள்ளி நுங்கு, கொஞ்சம் தள்ளி கருவாடு, கோடைக்காலத்தில் வரிசையாகத் தர்பூசணி. கடற்கரைச் சாலைச் சந்தை என்றால் இதுதான். கூரை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, ஆனாலும் சந்தை.

அப்படி ஒரு தர்பூசணிக் கடையில் வண்டி நின்றது. கடை என்றால் நாலு சவுக்குக் கம்பு, மேலே கீற்று. ஒரு பழத்தில் முக்கோணமாக ஓட்டை போட்டு உள்ளே இருக்கும் சிவப்பு தெரிகிற மாதிரி முன்னால் வைத்திருந்தது. பின்னால் குவியல். பக்கத்தில் பத்துப் பதினைந்து உப்புப் பை. விற்கிறவர் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா.

"பழம் எவ்ளோ?"

"நூறு ரூபாம்மா."

"எண்பதுக்குக் குடும்மா. வர்ற வழியெல்லாம் எண்பதுதான் சொல்றாங்க."

(வருகிற வழியில் யாரும் எண்பது சொல்லவில்லை. இது பேரம் பேசுகிற எல்லோரும் சொல்கிற பொய்.)

கடைசியில் எண்பத்தைந்துக்கு முடிந்தது. "இங்கயே ஓரமா உக்காந்து சாப்பிட்டுக்கலாமா?" என்று ஆசிரியரின் மனைவி கேட்டார். "உக்காருங்க, யாரு கேக்கப் போறா?" என்று அந்த அம்மா பழக்குவியலை ஒதுக்கி, உட்கார ஒரு கோணிப்பையை விரித்துப் போட்டார். கேரியர் திறந்தது. மணி ஐந்தே முக்கால். பாட்டி இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பார், மருமகள் காதில் ஏதோ சொன்னார். மருமகள் சுற்றும்முற்றும் பார்த்தார். ஒரு பக்கம் உப்பளம், மறு பக்கம் ரோடு. மறைவு என்று எதுவும் கிடையாது.

கேட்பதற்கு முன்னாலேயே கடைக்கார அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "வாங்கம்மா, நான் இட்டுனு போறேன். தோ, அந்த வேலிகாத்தான் மரத்தாண்ட." கடைக்குள் சொருகி வைத்திருந்த ஒரு பழைய புடவையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அது எதற்கு என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. போகும்போது ஆசிரியரின் மனைவியிடம், "அக்கா, கடையக் கொஞ்சம் பாத்துக்கங்க. யாராவது வந்தா நூறு ரூபா சொல்லுங்க. தொண்ணூறுக்குக் கீழ குடுத்துடாதீங்க" என்றார்.

எண்பத்தைந்துக்கு வாங்கியவரிடமே இதைச் சொல்லிவிட்டுப் போனார்!

பத்து நிமிடம் ஆசிரியரின் மனைவி தர்பூசணி வியாபாரி. சரியாக அந்த நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் பழத்தைத் தட்டிப் பார்த்தார். "எவ்ளோ?" "நூறு." "எழுபதுக்கு வருமா? முன்னாடி கடையில எழுபது சொன்னாங்களே." ஆசிரியரின் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்தக் கடைங்க? இந்த வெயில்ல காலையிலேர்ந்து உக்காந்திருக்கறாங்க, பாவம். நூறுன்னா நூறுதான்" என்றார். அவர் இரண்டு பழம் வாங்கிக்கொண்டு இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். மகளுக்கும் அண்ணனுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆசிரியரின் மனைவி சிரிக்கவில்லை. தன் பையிலிருந்து ஒரு பதினைந்து ரூபாயை எடுத்து அந்த இருநூறோடு சேர்த்து வைத்தார்.

பாட்டியும் அந்த அம்மாவும் திரும்பி வந்தார்கள். புடவை எதற்கு என்று பாட்டி சொன்னார். ரோட்டில் போகிற வண்டிக்குத் தெரியாதபடி, இரண்டு கையாலும் புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு முதுகைத் திருப்பி நின்றிருக்கிறார். "நீ என்னம்மா பண்ணுவே? உனக்கு யாரு புடிப்பா?" என்று பாட்டி கேட்டிருக்கிறார். அதற்கு வந்த பதிலைத்தான் கார் முழுக்கப் பேசிக்கொண்டு போனார்கள்.

"நான் தண்ணியே குடிக்கிறதில்லம்மா. காலைல ஏழு மணிக்குக் கடை போட்டா சாயங்காலம் வூட்டுக்குப் போற வரைக்கும் நாக்கு நனைக்கிறதோட சரி. போன வருசம் நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சேன்."

தாகத்துக்குப் பழம் விற்கிறவர் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வண்டியில் வந்து நிற்கிறவர் பத்து நிமிடத்தில் குளிர்ந்து போய்விடுகிறார். நிழலில் வைத்திருப்பது பழத்தை. ஆள் பாதி வெயிலில்.

*

மரக்காணத்தில் மேற்கே திரும்பிய பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அண்ணன் ஆரம்பித்தார்.

ஜப்பானில் 'மிச்சி-நோ-எகி' என்று ஒன்று இருக்கிறது. மிச்சி என்றால் சாலை, எகி என்றால் ஸ்டேஷன். சாலை நிலையம். 1990-ல் ஹிரோஷிமாவில் நடந்த ஒரு கருத்தரங்கில், ரயிலுக்கு ஸ்டேஷன் இருக்கிற மாதிரி ரோட்டுக்கும் ஒன்று இருந்தால் என்ன என்று பங்கேற்ற ஒருவர் கேட்டாராம். அதிலிருந்து வந்த யோசனை இது. சில மாநிலங்களில் சோதித்துப் பார்த்துவிட்டு 1993-ல் அரசாங்கத் திட்டமாகவே ஆக்கினார்கள். முதல் தவணையில் பதிவானவை 103. இன்றைக்கு 1,200-க்கும் மேல்.

விதிகள் எளிமையானவை. கார் நிறுத்தும் இடமும் கழிப்பறையும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும், இலவசமாக. எதுவும் வாங்க வேண்டியதில்லை, பில் காட்ட வேண்டியதில்லை. அந்த வட்டாரத்துச் சாலை, ஊர், பேருந்து விவரம் சொல்ல ஆள் அல்லது பலகை இருக்க வேண்டும். மூன்றாவதாக, அந்த ஊர் மக்களுக்கு ஏதோ ஒரு விதத்தில் பயன்பட வேண்டும். பெரும்பாலான இடங்களில் அந்தப் பயன் உள்ளூர் விளைபொருள் சந்தைதான்.

அண்ணன் அடிக்கடி போவது பசிபிக் கடலோரத்தில் சிகுரா என்ற இடத்தில் இருக்கும் சாலை நிலையத்துக்கு. அதன் பெயரே 'கடற்காற்று ராஜ்ஜியம்' என்று அர்த்தம் வரும். எதிரே கடல், நடுவே புல்வெளி, அதில் ஒரு மீன்பிடிப் படகை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே தொட்டிகளில் உயிரோடு மீன், இறால், சங்கு. பக்கத்தில் கருவாட்டுக் கடை. சித்தாமூர்ப் பையனுக்கு அங்கே சாப்பிட என்ன கிடைக்கும்? சூப்பில் மீன், நூடுல்ஸில் மீன், ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும் குழம்பிலும் மீன். அதே தெற்கு சிபாவில் தோமிஉரா என்ற ஊரில் இன்னொரு சாலை நிலையம், 1993-லேயே வந்தது. அங்கே பிவா என்ற மஞ்சள் பழம் விசேஷம். அடிபட்டது, கோணலானது என்று கடைக்குப் போகாத பழங்களையும் கூழாக்கி ஜாம், ஐஸ்கிரீம் என்று செய்து விற்கிறார்கள். அண்ணனுக்கு வயிறு நிறைந்தது அந்த ஐஸ்கிரீமில்தான்.

அவர் ஊருக்கு வாங்கி வந்திருந்தது இன்னொன்று. மல்லாட்டை! (வேர்க்கடலைக்கு நம் விழுப்புரம், கடலூர்ப் பக்கப் பெயர்.) ஜப்பானில் விளையும் வேர்க்கடலையில் பெரும்பங்கு சிபாவில்தான். "மல்லாட்டையப் போய் ஏரோப்ளேன்ல தூக்கிட்டு வந்திருக்கியேடா, திண்டிவனத்துல இல்லாததா?" என்று முதல் நாளே பாட்டி திட்டித் தீர்த்துவிட்டார். ஆனால் அந்தப் பையில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டுப் பாட்டி கேட்ட கேள்வி முக்கியமானது. சீட்டில் பயிர் செய்தவர் பெயர், ஊர், விலை இருந்தன. கடையில் அலமாரிக்கு மேலே அவர் போட்டோவும் இருந்தது என்று பேரன் சொன்னார்.

"விலைய அவனேவா போட்டான்?"

ஆமாம், அவரேதான். விவசாயி காலையில் கொண்டுவந்து, தானே விலை போட்டு, சீட்டு ஒட்டி, அலமாரியில் அடுக்கிவிட்டுப் போய்விடுவார். சாயங்காலம் விற்காததை வந்து எடுத்துக்கொள்வார். நாள் முழுக்க அவர் அங்கே உட்கார வேண்டியதில்லை. பில் போடுவது நிலையத்து ஆள். விற்றதில் ஒரு பங்கை நிலையம் கமிஷனாக எடுத்துக்கொள்ளும், இடத்துக்கு இடம் மாறும், 15 சதவீதம் என்பது சாதாரணமாக இருக்கும் அளவு.

பாட்டி அந்தக் கேள்வியைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஆயுசு முழுக்க மல்லாட்டை மூட்டை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போவதையும், வியாபாரிகள் மறைமுக ஏலத்தில் விலை எழுதுவதையும், வீட்டு ஆம்பளைகள் அந்த விலையோடு திரும்பி வருவதையும் பார்த்தவர். விலையைத் தானே எழுதி ஒட்டுகிற விவசாயி அவருக்கு அதிசயம்.

*

இனி நம் காமர்ஸ் நண்பர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு.

100 ரூபாய்ப் பழம். ஜப்பான் முறையில் 15 ரூபாய் கமிஷன் போனால் விற்கிறவர் கையில் 85. மரக்காணம் ரோட்டில் கமிஷன் கிடையாது, 100-ம் கையில். (பேரம் பேசுகிறவர் வராதவரை!) மேலோட்டமாகப் பார்த்தால் நம் முறைதான் லாபம்.

ஆனால் அந்த 15 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். கூரை, விளக்கு, பில் போடும் ஆள், வண்டி நிறுத்த இடம், நாள் முழுக்க வேறு வேலை பார்க்கும் சுதந்திரம். கூடவே ஒரு கழிப்பறை. நம் கடைக்கார அம்மாவுக்கு இவை எதுவும் இல்லை என்பதால் செலவும் இல்லை என்று அர்த்தமா? பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்தது கூலி. குடிக்காத தண்ணீர் ஒரு செலவு. நீர்க்கடுப்புக்கு ஆஸ்பத்திரி அலைந்த நாட்கள் வியாபாரம் இல்லாத நாட்கள். சாயங்காலம் மீந்த பழம் நாளைக்குப் பாதி விலை. இதையெல்லாம் எந்த லெட்ஜரில் எழுதுவது? எழுத ஒரு பத்தி இல்லை என்பதாலேயே செலவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். 'இம்ப்ளிசிட் காஸ்ட்' என்று இரண்டு மார்க் கேள்விக்குப் படிக்கிறோமே, அது இதுதான்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். ஜப்பானிலும் எல்லாச் சாலை நிலையமும் லாபத்தில் ஓடவில்லை. கூட்டம் வராமல் நஷ்டத்தில் இருப்பவையும் உண்டு. கொண்டுவந்து அடுக்கும் விவசாயிகளுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. ஆனால் அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம் செலவைப் பிரித்தது. வண்டி நிறுத்தும் இடம், கழிப்பறை போன்றவற்றைச் சாலைத் துறை கட்டலாம், சந்தையை உள்ளூர் நகராட்சி பார்த்துக்கொள்ளும். கழிப்பறை லாபம் சம்பாதித்தால்தான் திறந்திருக்கும் என்ற நிலைமை இல்லை. நம் ஓட்டலில் பில் கேட்டார்களே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது. ரோட்டில் போகிறவனின் அவசரத்தைத் தனியார் கல்லாவிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் பில் கேட்கிறார் என்று கோபப்பட்டு என்ன பயன்?

"அதெல்லாம் ஜப்பான், நமக்கு வராது" என்று சொல்லாதீர்கள். வழியில் போகிறவருக்கு இடம் தருவது நமக்குப் புதிதே இல்லை. தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்க ரோட்டோரம் சுமைதாங்கிக் கல் நட்டவர்கள் நாம். ராமேசுவரம் போகிற வழியெல்லாம் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரம் கட்டினார்கள். கோடையில் தண்ணீர்ப் பந்தல் இன்றைக்கும் போடுகிறோம். விவசாயியே நேரில் விற்கும் ஏற்பாடும் இருக்கிறது. 1999 நவம்பர் 14-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை. கமிஷன் இல்லை, தராசு இலவசம். ஆனால் அது ஊருக்குள், காலை நேரத்துக்கு, வீட்டுக்குக் காய் வாங்குகிறவர்களுக்கு. சத்திரத்தையும் உழவர் சந்தையையும் சேர்த்து ரோட்டோரம் வைத்தால் அதுதான் மிச்சி-நோ-எகி. இரண்டு பாதியும் நம்மிடம் இருக்கின்றன, சேர்க்கத்தான் இல்லை.

கடலோரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி மரக்காணம் பகுதிக் குப்பங்களையும் விடவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்த உப்பளங்கள் தண்ணீரில் மூழ்கின. ஜப்பானில் நிலநடுக்கமோ வெள்ளமோ வந்தால் மக்கள் ஒதுங்கவும் நிவாரண வண்டிகள் நிற்கவும் பயன்படுவது இந்தச் சாலை நிலையங்கள். 2011 சுனாமி ரிக்குசென்தகதா ஊர்க் கடற்கரையில் இருந்த சாலை நிலையத்தையே அடித்துப் போட்டது. பழைய கட்டடத்தை நினைவுக்காக அப்படியே விட்டுவிட்டு, 2019-ல் புதிதாகக் கட்டித் திறந்தார்கள், கூடவே சுனாமி நினைவு அருங்காட்சியகமும்.

*

மே மாதத்தில் இவர்கள் வந்தபோதே சாலையை அகலப்படுத்தும் வேலையின் தடயங்கள் வழியில் தெரிந்தன. அப்புறம் ஆகஸ்ட் 2025-ல் செய்தி வந்தது. மரக்காணம் முதல் புதுச்சேரி வரை 46 கிலோமீட்டரை நான்குவழிச் சாலையாக்க மத்திய அமைச்சரவை 2,157 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. நல்ல செய்திதான். வண்டிகள் வேகமாகப் போகும். ஆனால் வேகமாகப் போகிற வண்டி தர்பூசணிக்கு நிற்குமா? நிற்க ஓரம் இருக்குமா? நாலு சவுக்குக் கம்பு நட இடம் இருக்குமா?

தேசிய நெடுஞ்சாலைகளில் 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒரு வசதி மையம் என்பது அரசாங்கத்தின் கொள்கை. அப்படிப் பார்த்தால் இந்த 46 கிலோமீட்டருக்கு ஒன்றாவது வர வேண்டும். வரும் என்றே வைத்துக்கொள்வோம். அது பெட்ரோல் பங்க்கும் பீட்சா கடையும் மட்டும் இருக்கிற இன்னொரு கண்ணாடிக் கதவாக இருக்கப் போகிறதா, அல்லது மரக்காணத்து உப்பும் திண்டிவனத்து மல்லாட்டையும் ஊர்க்காரர் பெயர் ஒட்டி அடுக்கி வைத்த இடமாக இருக்கப் போகிறதா? 2,157 கோடியில் ஒரு கூரையும் எப்போதும் தண்ணீர் வருகிற நாலு கழிப்பறையும் எத்தனை பைசா? ரோடு போடுவதற்கு முன்னால் கேட்டால் அது வரைபடத்தில் ஒரு கோடு. போட்ட பிறகு கேட்டால் ஆக்கிரமிப்பு.

அண்ணன் ஜப்பானுக்குத் திரும்பிவிட்டார். மல்லாட்டைப் பை காலி. சீட்டை மட்டும் பாட்டி கிழிக்காமல் எடுத்து வைத்திருக்கிறார். ஒருநாள் போனில் பேசும்போது அவர் பேரனிடம் சொன்னது இது: "எங்கயோ சப்பான்ல மல்லாட்டை போட்டவன் பேரு நம்ம வூட்ல இருக்குது. எனக்குப் புடவை புடிச்சுக்கினு நின்ன பொண்ணு பேரு என்னன்னு ஒருத்தரும் கேக்கலியேடா."

உண்மைதான். ஐந்து பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. விலையை மட்டும்தான் கேட்டார்கள்.

அடுத்த கோடையில் அந்தப் பக்கம் போனால் இறங்கிக் கேட்க வேண்டும் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். அந்தக் கடை அங்கேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்களும் அந்த ரோட்டில் போனால் ஒரு பழம் வாங்குங்கள். "வர்ற வழியெல்லாம் எண்பது" என்ற பொய்யை மட்டும் சொல்லாதீர்கள்.